அம்மா குளிக்கிற வெந்நீர்

போன மார்கழியில எங்க வீட்டு கீசரை மாத்தினேன். மொத்தச் செலவு 15,400 ரூபாய். அதுல கீசரோட விலை பாதிகூட இல்லை. மீதி எதுக்குப் போச்சுன்னு சொல்லத்தான் இதை எழுதுதேன்.

எங்க ஊர் சேரன்மாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஆம்பளைங்க எல்லாரும் கால்வாயிலதான் குளிப்போம். வீட்டுல வெந்நி போடுறது பிள்ளை பெத்தவங்களுக்கும் காய்ச்சல்காரங்களுக்கும்தான், அப்புறம் தீபாவளிக்கு. அதுக்குன்னு ஒரு செம்பு பாய்லர் இருந்துச்சு. நடுவுல குழாய் மாதிரி இருக்கும், அதுக்குள்ள நெருப்பு, சுத்திவர தண்ணி. நாலு சிரட்டையும் கொஞ்சம் கொதும்பும் போட்டா போதும். அம்மாவுக்கு முட்டுவலி வந்து படித்துறையில இறங்க முடியாமப் போனப்போ, பத்து வருஷத்துக்கு முன்னால, சென்னையில இருக்கிற தம்பி ஒரு கீசர் வாங்கி மாட்டிக் கொடுத்துட்டுப் போனான். அன்னையிலிருந்து வருஷம் முழுக்க அம்மாவுக்கு வெந்நீர்க் குளியல்தான். காலையில அஞ்சு மணிக்கு.

கார்த்திகை கடைசியில அம்மா சொன்னாங்க. "எய்யா, அந்தக் குழாயைத் தொட்டா கை சுருசுருங்குது."

அம்மாவுக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். கால்ல மதமதப்பு, விரல்ல குத்தல் எல்லாம் ஏற்கெனவே உண்டு, மாத்திரையும் சாப்பிடுதாங்க. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "சுகர்ல அப்படித்தாம்மா இருக்கும், மாத்திரையை ஒழுங்காப் போடுங்க"ன்னு சொல்லிட்டு வயலுக்குப் போயிட்டேன். பிசான நடவு முடிஞ்சு களையெடுப்பு நடந்துக்கிட்டிருந்த நேரம். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி சொன்னாங்க. அப்பவும் அதே பதில்தான். அதுக்கப்புறம் அவங்க சொல்லவே இல்லை. குழாயில ஒரு துணியைச் சுத்தி, அதைப் பிடிச்சுத் திறந்து குளிச்சிருக்காங்க. ஈரத்துணி. இப்போ நினைச்சாலும் எனக்கு அடிவயிறு கலங்குது.

நான் அதே குழாயை எத்தனையோ தடவை தொட்டிருக்கேன், ஒண்ணும் தெரியலை. காரணம் என் கால்ல எப்பவும் ரப்பர் செருப்பு. அம்மா குளியலறைக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. ஒருநாள் வயல்ல இருந்து சேத்துக்காலோட வந்தேன். கீசர் ஓடிக்கிட்டிருந்துச்சு. வெறுங்காலோட உள்ள போய்க் குழாயைத் தொட்டேன். கை தானா உதறி சுவர்ல போய் இடிச்சுது. மெயினை அணைச்சிட்டுத் திண்ணையில வந்து உக்காந்தவன், ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்லை.

சாயந்திரம் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து கீசரைக் கழட்டினான். தண்ணியைச் சூடாக்குற எலிமெண்ட் முழுக்க வெள்ளை வெள்ளையா, சுண்ணாம்புக் காளவாசல்ல இருந்து எடுத்த மாதிரி இருந்துச்சு. ஆத்துத் தண்ணி நல்ல தண்ணி. ஆனா அது தெருக்குழாயில ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், குடிக்கவும் சமைக்கவுமே சரியாப் போகும். குளிக்க போர்த் தண்ணி. அதுல கிடக்கிற உப்பு சூட்டுல படிஞ்சு எலிமெண்டை மூடிடும். மூடினதும் உள்ளுக்குள்ள சூடு தேங்கி, ஒருநாள் உறை வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாத்தான் கரண்ட் தண்ணிக்கும் தொட்டிக்கும் வந்திருக்கு. அங்கேயிருந்து சுவருக்குள்ள போற இரும்புப் பைப் வழியாக் குழாய்க்கு. தொட்டி துருப்பிடிக்காம இருக்க உள்ள ஒரு மக்னீசியக் கம்பி வச்சிருப்பாங்க. தொட்டிக்குப் பதிலா அது அரிச்சுப் போகும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். எங்க கீசர்ல அது நூலாப் போயிருந்துச்சு. அப்படி ஒரு கம்பி இருக்குங்கிறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"இதெல்லாம் சகஜம் அண்ணாச்சி. எர்த் இருந்திருந்தா யாரையும் அடிச்சிருக்காது"ன்னு சொல்லிக்கிட்டே பிளக் பாயிண்ட் பலகையைக் கழட்டினான். உள்ள பச்சை வயர் எதுலயும் சேராம அழகாச் சுருட்டி வச்சிருந்துச்சு. மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு. மாட்டினவர் இப்போ ஊர்ல இல்லை. இருந்தாலும் அவர்கிட்ட என்னத்தைக் கேட்க? பத்து வருஷமா நானும்தானே அந்தப் பலகையைக் கழட்டிப் பார்க்கலை.

இதுல எனக்கு ஆறவே ஆறாத ஒண்ணு உண்டு. எங்க தோட்டத்து மோட்டாருக்கு எர்த் குழி நானே வெட்டினது. கரியும் உப்பும் போட்டு, சித்திரை வெயில்ல மண்ணு காஞ்சிடக் கூடாதுன்னு மறக்காம தண்ணி ஊத்துவேன். ஆயிரக்கணக்குல செலவு வைக்கிற மோட்டார் மேல இருந்த அக்கறை, வீட்டுக்குள்ள அம்மா குளிக்கிற இடத்துல இல்லாமப் போச்சு.

சரி, புதுசு என்ன வாங்குறது? சோலார் கேட்டேன், 100 லிட்டர் 22,000 சொன்னாங்க. போர்த் தண்ணிக்கு அதுலயும் உப்புப் படியும். வேணுங்கிற ஐப்பசி கார்த்திகை அடைமழையில வெயில் இருக்காது. உடனே சூடாகிற மூணு லிட்டர் கீசர் விலை கம்மி, ஆனா எங்க ஊர் வோல்டேஜுக்கு ஆகாது. 230 இருக்கவேண்டிய இடத்துல 180 வந்தா 3,000 வாட் கீசர் 1,800 வாட் வேலைதான் செய்யும், தண்ணி வெதுவெதுன்னு வரும். தொட்டி கீசர்னா கூடக் கொஞ்ச நேரம் ஆகும், அவ்வளவுதான். அதனால 15 லிட்டர், 2,000 வாட், அஞ்சு ஸ்டார். 7,600 ரூபாய்.

எர்த் குழிக்கு பைப், கரி, உப்பு, செம்புக் கம்பி 2,150. குழி நானே வெட்டினேன். ஆர்.சி.சி.பி.ன்னு ஒரு பெட்டி, 1,850. புது வயர், பிளக் பாயிண்ட், சுவிட்ச் 1,240. ஹோஸ் பைப்பும் வால்வும் 760. கூலி 1,800. பழைய கீசரை எடைக்குப் போட்டதுல 450 ரூபாய் வந்துச்சு, அதை இந்தக் கணக்குல கழிக்கலை.

அந்த ஆர்.சி.சி.பி. பத்தி மட்டும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நானும் வீட்டுல எம்.சி.பி. இருக்கே, அது போதும்னுதான் நினைச்சிருந்தேன். எம்.சி.பி. லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோதான் விழும். ஆளைக் கொல்லுறதுக்கு அதுல நூத்துல ஒரு பங்கு கரண்ட் கூட வேண்டாம், அதுக்கு அது அசையவே அசையாது. ஆர்.சி.சி.பி. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேற வழியாப் போனா கண்ணிமைக்கிற நேரத்துல துண்டிச்சிடும். அதுல 'டெஸ்ட்'னு ஒரு பொத்தான் உண்டு. மாசம் ஒருதரம் அமுக்கிப் பார்க்கணும், விழலைன்னா பெட்டி செத்துப்போச்சுன்னு அர்த்தம். உங்க ஃபிளாட்லயும் இருக்கும். இதுவரைக்கும் அமுக்கிப் பார்த்திருக்கீங்களா?

இப்போ சூட்டை 50 டிகிரியிலேயே வச்சிருக்கோம். சூடு கூடக்கூட உப்புப் படியறதும் கூடும். கரண்ட் செலவு, ஒரு தொட்டி காய அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. ஒரு நாளைக்கு மூணு தொட்டின்னா ரெண்டு மாசத்துக்கு 90, 100 யூனிட் ஆகிடும். கவர்மெண்ட் வீட்டுக்கு இலவசமாத் தர்ற 100 யூனிட்டையும் கீசரே குடிச்சிடுது. அதனால நானும் பயலும் பழையபடி கால்வாய்க்கே போறோம்.

செம்பு விலை ஏறிக் கிடக்கு, பரண்ல சும்மா கிடக்கிற பாய்லரைப் போட்டா கீசர் காசு வந்துடும்னு வீட்டுக்காரி சொன்னா. அம்மா விடலை. "அது கிடக்கட்டும். அது கரண்ட் அடிக்காதுல்லா." என்னைப் பார்த்துச் சொல்லலை, பொதுவாச் சொன்னாங்க.

புதுப் பெட்டி மாட்டின மறுநாள் காலையிலேயே வீடு முழுக்கக் கரண்ட் போச்சு. பெட்டி விழுந்து கிடந்துச்சு. கீசர் ஓடலை, மிக்ஸியும் ஓடலை. ஒவ்வொண்ணா அணைச்சுப் பார்த்தோம். கடைசியில தொழுவத்து ஃபேன். கொசுவுக்காக ராத்திரி முழுக்க மாட்டுக்கு ஓடுறது, அதுக்கும் எர்த் இல்லை, வயர் எலி கடிச்சிருக்கு. எலெக்ட்ரீஷியன் தம்பி பொங்கல் கழிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கான். அதுவரைக்கும் ஃபேனைக் கழட்டி வச்சிட்டு, சாயந்திரம் வேப்பிலைப் புகை போடுதோம்.