சீம்பால்

1690 முதல் 1698 வரை மொகலாயர் முற்றுகையைத் தாங்கியது செஞ்சிக் கோட்டை. அக்கோட்டையடியில் வாழும் நாம் ஈன்ற மகவுக்கு மதில் எது? முதற்கண் சுரக்கும் சீம்பால்! நோயெதிர்க்கும் ஆற்றல் அதிற் செறிந்துள்ளது. அதையோ, "மஞ்சள் பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டு, சர்க்கரைத் தண்ணீர் புகட்டு" என்றனர் வீட்டு மூத்தோர். ஏன் என்றோம். வழக்கம் என்றனர். வழக்கம் விடையாகுமா? ஊட்டினோம்.

காம்பு வெடித்துக் கண்ணீர் வழிந்த இரவுகளில், தாய்மையைத் தெய்வமெனப் போற்றிய வாய்கள் உறங்கின. விடிந்ததும் அடுப்பு நம்மை அழைத்தது. 2017 இல் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கியது. கழனியில் நாற்று நடும் தாய்க்கு அவ்விடுப்பு எங்கே?

தோழர்களே! தாயைத் தொழ வேண்டா. சோறும் ஓய்வும் தாருங்கள். பால், வரத்தால் சுரப்பதன்று. மகவு உறிஞ்ச உறிஞ்சச் சுரப்பது!