கென்னடி ரோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை

காலண்டர்ல வசந்தம்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க மக்களே. மார்ச் கடைசி வாரம், வெளியில ரெண்டு டிகிரி. கடைகளோட பார்க்கிங் ஓரத்துல குளிர்காலம் பூரா தள்ளி வச்ச பனி, உப்பும் மண்ணும் சேர்ந்து கரி மூட்டை மாதிரி கெடக்கு. இதுலதான் எங்க வீட்டு அங்கிளும் ஆன்ட்டியும் வெளிக்கிட்டாங்க. ("கிளம்பினாங்க"ன்னு எழுத கை வரமாட்டேங்குது, ரெண்டு வருஷமா கேட்டுக் கேட்டு!)

நான் இருக்கறது ஸ்கார்பரோவுல டோர்செட் பார்க். 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, கென்னடி ரோடும் எல்ஸ்மியரும் வெட்டிக்கிற பக்கம். மேல் வீட்டுல யாழ்ப்பாணத்துக்காரங்க, கீழ பேஸ்மென்ட்டுல திருநெல்வேலிக்காரன் நான். அங்கிள் ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காச்சு. வர்ற மே மாசம் 80. நான் 'டொரொண்டோ'ன்னு எழுதினா "ரொறன்ரோ எண்டு எழுதும் தம்பி"ன்னு திருத்துவார்.

செவ்வாய்க்கிழமை எனக்கு கிளாஸ் கிடையாது. "அரிசி மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும், வாரீரோ?"ன்னு அங்கிள் கேட்டார். தீசிஸைவிட அரிசி மூட்டை எவ்வளவோ லேசு, வண்டியில ஏறிட்டேன் :-)

முதல்ல வருமான வரி. இங்க குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு தன்னார்வலர்கள் இலவசமா வரிக்கணக்கு போட்டுக் குடுக்கற முகாம் ஒவ்வொரு வருஷமும் நடக்கும். ஆன்ட்டி மடியில ஒரு பழைய பிஸ்கட் டின். அதுக்குள்ள டி4ஏ சீட்டுகள், பாஸ்போர்ட், மருந்து ரசீது, ஊர்க் காணி உறுதியோட நகல்னு ஒரு குடும்பமே இருக்கு. வரியே கட்ட வேண்டியதில்லாதவங்க எதுக்கு அலையணும்னு எனக்கு முதல்ல புரியலை. விஷயம் என்னன்னா, முதியோர் ஓய்வூதியம் முழுசா கிடைக்கணும்னா 18 வயசுக்கப்புறம் 40 வருஷம் கனடாவுல இருந்திருக்கணும். அங்கிள் வந்தது 1989ல. 65 ஆனது 2011ல. ஆக 40க்கு 22 பங்கு. அதுக்கப்புறம் எத்தனை வருஷம் இங்க இருந்தாலும் அந்தப் பங்கு கூடாது. மீதியைக் கொஞ்சம் ஈடுகட்டறது வருமானம் குறைஞ்சவங்களுக்கான கூடுதல் தொகை. அந்தத் தொகை ஜூலைக்கு ஜூலை புதுப்பிக்கப்படும், அதுக்கு ஏப்ரல் 30க்குள்ள வரிக்கணக்கு போயிருக்கணும். சீட்டு தொலைஞ்சா ஆகஸ்ட்ல அரிசி வாங்கறதுல இடிக்கும். ஆன்ட்டி டின்னைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்ததுக்கு அர்த்தம் அதுதான்.

அடுத்து நூலகம். டொரொண்டோ பொது நூலகம் 2022லயே தாமத அபராதத்தை எடுத்துட்டாங்கன்னு நான் நாலு தடவை சொல்லிட்டேன். "அதுக்காக பிந்திக் குடுக்கலாமோ?"ன்னு ஆன்ட்டி. ரெண்டு தமிழ் நாவல் உள்ள போச்சு, ரெண்டு வெளிய வந்துச்சு.

இப்ப அந்த நாளோட உண்மையான விஷயத்துக்கு வர்றேன்.

ஒன்ராறியோவுல 80 வயசானா ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் லைசென்ஸ் புதுப்பிக்கணும். கண் பரிசோதனை, வண்டி ஓட்டின பதிவை அலசறது, ஒரு குழு வகுப்பு. அதோட சின்னதா ரெண்டு பயிற்சி. எழுத்துக் கூட்டத்துல சொன்ன எழுத்தை மட்டும் தேடி அடிக்கணும். இன்னொண்ணு, கடிகாரம் வரைஞ்சு சொன்ன நேரத்துக்கு முள் வைக்கணும். 2014 வரைக்கும் எழுத்துத் தேர்வு இருந்துச்சாம், அதுக்குப் பதிலாத்தான் இது. இதுல தடுமாறினா உடனே லைசென்ஸைப் புடுங்கிட மாட்டாங்க. ரோடு டெஸ்ட், டாக்டர் அறிக்கைன்னு கேப்பாங்க.

கேக்க சின்ன விஷயம்தான். ஆனா அங்கிள் ஊர்ல இ.போ.ச. பஸ் ஓட்டினவர். யாழ்ப்பாணம் – பருத்தித்துறை ரோட்டுல எந்த வளைவுல எந்த கியர்னு இன்னும் சொல்வார். இங்க வந்து பாக்டரியில மெஷின் ஓட்டினப்பவும் "நான் டிரைவர்"னுதான் தன்னைச் சொல்லிப்பாராம். ரெண்டு மாசமா பில் வந்த கவர்களோட பின்பக்கமெல்லாம் கடிகாரம். பன்னெண்டு எண்ணும் சரியாத்தான் விழுது, வட்டந்தான் கொஞ்சம் கோழிமுட்டை. போன வாரம் ஒண்ணை ஆன்ட்டிகிட்ட நீட்டினார். அவங்க கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு, "இது பழைய நேரமோ, புது நேரமோ?"ன்னாங்க. இந்த மாசம் ரெண்டாவது ஞாயிறுதான் ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சோமே! அங்கிளுக்கு ரோஷம். "நீர் சும்மா இரும்"னு கவரை மடிச்சு வச்சுட்டார்.

ஏஜாக்ஸ்ல இருக்கற மகனுக்கு அப்பா வண்டி ஓட்டறதை நிறுத்தணும். ஆன்ட்டிக்கு ஓட்டத் தெரியாது, முழங்கால் வேற வலி. முன்ன எல்ஸ்மியர்ல ஸ்கார்பரோ ஆர்.டி. ரயில் நின்னுது. 1985லருந்து ஓடினது, 2023 ஜூலை 24ல பெட்டி தடம் புரண்டுச்சு. நவம்பர்ல எப்படியும் நிறுத்தறதாத்தான் இருந்தாங்க, அதனால அன்னைக்கு நின்னது நின்னதுதான். இந்தப் பக்கத்துல கார் இல்லைன்னா மருந்துக்கும் மரக்கறிக்கும் பஸ் மட்டும்தான் கதி. உப்புப் பூத்த நடைபாதையில நின்னு, காத்துல.

மூணாவது நிறுத்தம் ஷாப்பர்ஸ். அங்கிள் பிரஷர் மாத்திரை வாங்க பின்னாடி மருந்துப் பகுதிக்குப் போனார். வரிசை நீளம். ஆன்ட்டி என் ஜாக்கெட் கையைப் பிடிச்சு இழுத்து, "தம்பி, இஞ்ச ஒருக்கா வாரும்"னாங்க. முன் கவுண்டர். பர்ஸுக்குள்ளருந்து ரெண்டு பிரெஸ்டோ கார்டு, புதுசு.

"இதை வயசானவையின்ர கட்டணத்துக்கு மாத்தித் தருவினமாம். நீர் இங்கிலிஷில கேளும்."

கேட்டேன். வயசுக்கு அத்தாட்சி காட்டணும்னா அந்தப் பொண்ணு. ஆன்ட்டி தயாரா டின்னைத் திறந்தாங்க. ரெண்டு பாஸ்போர்ட்டும் கவுண்டர் மேல. அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. ரெண்டு மணி நேரத்துக்குள்ள எத்தனை தரம் ஏறி இறங்கினாலும் ஒரே கட்டணம்னு விளக்கினேன் (2018லருந்து அப்படித்தான்). கவனமா கேட்டுக்கிட்டாங்க.

"அங்கிள் பாஸ் பண்ணிடுவார் ஆன்ட்டி."

"பாஸ் பண்ணுவார்தான். அவர் சும்மா பயப்பிடுறார். ஆனா அவர் ஓடேக்குள்ள பக்கத்தில இருக்கிறது நானெல்லோ? இருட்டினாப் பிறகு லைட் அடிக்க, கண்ணைச் சுருக்குறார்." கொஞ்சம் நிறுத்திட்டு, "அவருக்குச் சொல்லாதையும். கேட்டா மனம் விட்டிடும்."

கார்டு ரெண்டும் டின்னுக்குள்ள, காணி உறுதிக்கு அடியில போச்சு.

கடைசியா தமிழ்க்கடை. 40 பவுண்டு அரிசி, முருங்கக்காய், ஒடியல் மா, கறிவேப்பிலை. அங்கிள் வழக்கம்போல முருங்கக்காயை ஒவ்வொண்ணா முறுக்கிப் பாத்து, விலையைத் திட்டி, கடைசில வாங்கவும் செஞ்சார். மூட்டையை நான்தான் தூக்கினேன். முதுகு இன்னும் வலிக்குது.

வீட்டுக்குத் திரும்பறப்ப கென்னடியில சிக்னல்ல நின்னோம். பக்கத்துல 43 பஸ் ஒண்ணு தூக்கிப் போடற மாதிரி பிரேக் அடிச்சு நின்னுது. உள்ள நின்னவங்க கம்பியைப் பிடிச்சாங்க.

"பாத்தீரே தம்பி, பிரேக்கை மிதிக்கிற விதத்தை! நாங்கள் இப்பிடி ஓடியிருந்தா சனம் இறங்கி அடிச்சிருக்கும்."

ஆன்ட்டி கண்ணாடி வழியா பஸ்ஸையே பாத்துட்டிருந்தாங்க. டின் மடியில.

"இஞ்சாருங்கோ, இந்த 43 எங்க போகும்?"

"கென்னடி ஸ்டேஷனுக்கு. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

சிக்னல் பச்சை விழுந்துச்சு. அங்கிள் பூப்போல வண்டியை எடுத்தார்.