இரண்டு மிதிகள்

2009-ல் மைசூரிலிருந்து திரும்பி ஆரணிக்கு வந்து இறங்கியபோது நைனா தறியில் இருந்தார். "இன்னாடா ஆச்சு?" என்றார், கையை நிறுத்தாமல்.

"பி.ஏ.பி.டி.யில போயிடுச்சு நைனா."

விமானப்படையில் விமானியாக விரும்புகிறவர்களுக்கு வைக்கும் திறன் சோதனை அது. வயது இருக்கும்வரை நேர்காணலுக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். இதற்கு மட்டும் ஆயுளில் ஒரே வாய்ப்பு. தவறினால் படையின் வேறு பிரிவுகளுக்கு முயலலாம், விமானி ஆக முடியாது. பிறகு டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய கணினிமுறை வந்தது. அந்த விதி மட்டும் மாறவில்லை.

தெருவில் ஆளாளுக்குக் கலாம் கதையைச் சொன்னார்கள். டேராடூனில் 25 பேரில் 9-ஆவதாக வந்தார், எடுத்தது 8 பேரை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. நான் எத்தனையாவது என்றுகூடத் தெரியாது.

ராத்திரி சாப்பிடும்போது நைனா கேட்டார், "அப்படி இன்னாதான் பண்ணச் சொன்னாங்க?"

சொன்னேன். திரையில் ஒரு புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு நெம்புகோல், காலுக்கு இரண்டு மிதிகள். புள்ளியை நடுக்கட்டத்துக்குள் பிடித்து வைக்க வேண்டும். இடையில் சிவப்பு விளக்கு எரியும், காதில் சத்தம் வரும். அதையும் அணைக்க வேண்டும். நான் விளக்கைப் பார்த்தால் புள்ளி ஓடிவிட்டது, புள்ளியைப் பிடித்தால் கால் மறந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கேம்பிரிட்ஜில் கென்னத் கிரேக் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் விமானி அறையை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தார். களைத்த விமானியின் கவனம் சுருங்கி, ஓரத்திலிருக்கும் எரிபொருள் முள்ளைப் பார்க்க மறந்துவிடும் என்று அதில் தெரிந்தது. எனக்குக் களைப்புகூட இல்லை. பயம்தான்.

நைனா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "காலு மிதிக்கணும், கை இழுக்கணும், கண்ணு இழையில, காது சத்தத்துல. சத்தம் மாறுனா இழை அறுந்துச்சின்னு அர்த்தம். இதான?"

"ஆமா நைனா."

அவர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் நான் தறிக்குழியில் கால் வைத்தாலே அடிப்பார். "இந்தக் குழி என்னோட போவட்டும், நீ படி" என்பார். தறி தெரிந்திருந்தால் தேறியிருப்பேன் என்று நான் நினைக்கவில்லை. அவர் நினைத்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் காலையில், "வா, உக்காரு" என்று குழியில் இடம் விட்டார். 22 வயதில் முதல்முறை. இரண்டு மிதியையும் ஒன்றாக அழுத்திவிட்டேன்.

"பரவால்ல. மறுபடி மிதி."