பிளக்கைப் பிடுங்கிய பிறகு

2012-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷத்து மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சர்வருக்கு யுபிஎஸ் இருந்தது. அதன் பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. முதலாளியிடம் புதுசு கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பேன், தினமும் மறப்பேன்.

ஒரு ராத்திரி, டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. காலையில் டேட்டாபேஸ் திறக்கவில்லை. கையில் இருந்தது மூன்று நாள் பழைய பேக்கப். அந்த மூன்று நாள் பில்களையும் சலான்களையும் அலுவலகத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. டிஃப்ராகை ராத்திரியில் தானாக ஓடும்படி வைத்தவன் என்னிடம் வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி. “டேட்டாபேஸ் இருக்கிற டிஸ்க்குல போய் யாராவது இதை ஓட்டுவாங்களா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

“டிஃப்ராகாலதான் போச்சுன்னு எப்படிண்ணா தெரியும்?”

“எனக்குத் தெரியும்.”

அடுத்த மாதம் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

நான்கு வருஷம் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு வாடிக்கையாளர், “டிஃப்ராக் கூடாதுன்னு காரணத்தோட எழுதிக் குடுங்க” என்றார். எழுத உட்கார்ந்தேன். காரணம் வரவில்லை.

கழித்துக்கட்டிய அந்தப் பழைய சர்வர் என் வீட்டுப் பரணில்தான் இருந்தது. இறக்கித் துடைத்தேன். 1, 2, 3 என்று டேட்டாபேஸில் வரிசையாக எண் எழுதும் சின்ன புரோகிராம் ஒன்று. ‘எழுதியாயிற்று’ என்று டேட்டாபேஸ் உறுதி சொன்னதும் அந்த எண் பக்கத்து லேப்டாப்புக்குப் போகும். பாதியில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். திரும்ப ஆன் செய்தால், லேப்டாப்பில் உள்ள கடைசி எண் டேட்டாபேஸிலும் இருக்க வேண்டும். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற புரோகிராமர் 2005-இல், எழுதாமலேயே ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க்குகள் சொல்லும் பொய்யைப் பிடிக்கச் செய்த சோதனையும் ஏறக்குறைய இதுதான்.

டிஃப்ராகை ஓடவிட்டுப் பத்து முறை பிடுங்கினேன். ஏழு முறை எண் குறைந்தது. ஒரு முறை லேப்டாப்பில் 4,812, டேட்டாபேஸில் 4,771. எனக்கு ஒரே சந்தோஷம். அதோடு எழுந்துபோயிருப்பேன். பெயருக்கு டிஃப்ராக் இல்லாமலும் பத்து முறை பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆறு முறை குறைந்தது.

மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்க்கைத் தொட்டு, பாலிசீஸ் பக்கத்துக்குப் போனேன். கேஷ் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதை உடனே டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளையை நிறுத்திவைக்கும் கட்டத்தில் ஒரு டிக் இருந்தது. தனி மின்சார ஏற்பாடு இல்லாத டிஸ்க்குக்கு இதைப் போடாதே என்று அதன் கீழேயே எச்சரிக்கை. அந்த டிக்கைப் போட்டது யார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2011-இல் பில் போடுவது மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தபோது நான்தான் போட்டேன். வேகம் கூடியது; முதலாளி டீ வாங்கிக்கொடுத்தார்.

டிஃப்ராக் ஒரு துண்டை நகர்த்தும்போது முதலில் புது இடத்தில் நகல் எடுக்கும். அதன் பிறகே விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் முகவரியை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பழையது இருந்த இடத்திலேயே இருக்கும். டேட்டாபேஸும் முதலில் லாக் என்ற பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடும். ‘எழுதிவிட்டேன்’ என்று டிஸ்க் சொல்லும் ஒரே வார்த்தையை நம்பித்தான் இரண்டும் நடக்கின்றன. அந்த வார்த்தையைப் பொய்யாக்கியது என் டிக்.

டிக்கை எடுத்துவிட்டு மேலும் இருபது முறை பிடுங்கினேன், பத்து டிஃப்ராகோடு, பத்து இல்லாமல். ஒரு எண்ணும் குறையவில்லை. இருபத்தொன்றாவது முறைக்கு இது ஜாமீன் ஆகாது. ஆனாலும் ‘எனக்குத் தெரியும்’ என்று நான் சொன்னதைவிட இது எவ்வளவோ மேல்.

தம்பியின் நம்பரைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “யுபிஎஸ் பேட்டரிய எப்பண்ணா மாத்துனீங்க?” என்றான்.

டேட்டாபேஸ் போன மறுநாளே மாற்றியிருந்தேன். அதற்குப் பிறகு கழித்துக்கட்டும் வரை அந்த சர்வரில் ஒன்றும் கெடவில்லை. டிஃப்ராகை நிறுத்தியதால்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.