கொதி அடங்கிய நீர்

தம்ளரில் பாதிக் காப்பி எஞ்சியிருந்தது. ஒரு பருக்கைச் சோற்றைத் தட்டில் விட்டு எழுந்தாலும் ‘இஸ்ராஃப்’ என்று கண்டித்து நம்மை வளர்த்த தாயார் அவர்கள், கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஓய்வுக்காகக் கடலூரில் நம் இல்லத்தில் தங்கியிருந்த மூன்றாம் நாள் விடியலில், பாதித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சுபுஹுத் தொழுகைக்கு எழுந்துவிட்டார்கள். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது.

இதில் நாம் மனம் வருந்தியதற்குக் காரணம் உண்டு. வயிற்றுக் கோளாறு காரணமாக, நாளொன்றுக்கு ஒரே தம்ளர் காப்பிதான் என்று மருத்துவர் அவர்களுக்கு வரம்பு கட்டியிருந்தார். எழுபத்தெட்டு வயதில் அவர்கள் தமக்கென வைத்துக்கொண்ட சுகம் அந்த ஒரு தம்ளர்தான். தஹஜ்ஜுத்துக்கும் சுபுஹுக்கும் இடைப்பட்ட அமைதியில் அதை அருந்துவார்கள். நம் வீட்டில் டிகாஷன் இறக்குவது நம் பொறுப்பு. ஆகவே குற்றவாளி யார் என்பதில் ஐயமில்லை.

“ஒண்ணுமில்ல தம்பி, ஒரு காந்தல் வாடை. குடிச்சா நெஞ்சு கரிக்குது” என்றார்கள், நம்மை நோகடிக்க விரும்பாத குரலில்.

தூளின் மீது பழி போட வழியில்லை. சிதம்பரத்தில் அவர்கள் வழக்கமாக வாங்கும் கடையில் அரைத்த அதே தூளையே கொண்டுவந்திருந்தார்கள். நூற்றுக்கு இருபது பங்கு சிக்கரி. (காப்பித்தூளில் 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடந்தருகிறது. அப்படிப்பட்ட தூளைக் காப்பி என்றழைக்க நம் நாக்கு கூசுகிறது.) அளவும் அதே அளவு. எஞ்சி நின்றது தண்ணீர். மின்கெட்டிலில் தளதளவென்று கொதிக்கும் நீரை, கொதி நிற்கும் முன்பே பில்டரில் கவிழ்ப்பது நம் வழக்கம். சூடு கூடினால் சாரம் கூடும் என்பது நம் நெடுநாள் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. வெந்நீர் தூளைத் தொட்டதும் முதலில் கரைந்து வருபவை மணமும் புளிப்பும். அடுத்து இனிமை வரும். கடுங்கசப்பும் துவர்ப்பும் கடைசியில்தான் இறங்கும். நீரின் சூடு மிகுந்தால் இந்தக் கடைசிக் கூட்டமும் முண்டியடித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடும். காப்பியை ஆராய்ந்தவர்கள் பொதுவாக 92 முதல் 96 டிகிரி வரை போதும் என்பர். ஏரோபிரஸ் என்னும் கருவியை 2005-இல் வெளிக்கொணர்ந்த ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர், 80 டிகிரியே போதும் என்று பரிந்துரைத்தார். இதைப் படித்ததும் ஒரு வெப்பமானியை வாங்கிவிட்டோம்.

முதல் நாள் 70 டிகிரி. டிகாஷன் வெளிறிப்போய், புளிப்பேறி நின்றது. தாயார் ஒரு மிடறு அருந்திவிட்டு, “இது காப்பியா, கழனித் தண்ணியா?” என்று கேட்டார்கள். அடுத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுவதும் தூளை ஊற வைத்தோம். பதினான்கு மணி நேரம் கழித்து வடித்தபோது கசப்பு அடங்கியிருந்தது. காப்பியின் உயிரும் உடன் அடங்கியிருந்தது. மூன்றாம் முயற்சி 80 டிகிரி. சூடு குறைந்தால் சாரம் மெதுவாகவே இறங்கும் என்பதால் ஒரு கரண்டித் தூளைக் கூட்டினோம். அன்று தம்ளரில் கால்பங்குதான் மிஞ்சியது. “மாமி முக்கால் தம்ளர் குடிச்சிட்டாங்க!” என்று நம் துணைவியார் வெற்றி முழக்கமிட்டார். நமக்கோ அந்தக் கால் தம்ளர்தான் கண்ணை உறுத்தியது.

நிற்க. காப்பியை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர்கள் யமன் நாட்டு சூஃபிகள் என்பதை வாசக நேயர்கள் அறிவர். பதினைந்தாம் நூற்றாண்டில் இரவு திக்ரின்போது உறக்கம் வெல்ல ‘கஹ்வா’ அருந்தினர். 1511-இல் மக்காவின் அதிகாரி காயிர் பேக் அதற்குத் தடை விதித்ததும், பின்னர் கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையைத் தளர்த்தியதும் வரலாறு. ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பாபா புடன் என்னும் இறைநேசர் ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது செவிவழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

இதை இங்கே கூறக் காரணம், வெப்பமானியோடு மல்லுக்கட்டிய நாட்களில் நம் மனத்தில் தோன்றிய ஒரு கணக்கு. தரை 300 மீட்டர் உயர்ந்தால் நீர் கொதிக்கும் சூடு ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். பாபா புடன் மலை சுமார் 1,900 மீட்டர் உயரம். அங்கே நீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். யமனின் ஸன்ஆ நகரம் அதனினும் உயரம். அங்கே 93 இருக்கலாம். அவர்கள் தூளை நீரோடு சேர்த்தே கொதிக்கவைப்பவர்கள். ஆயினும் நூறு டிகிரி வெந்நீர் அந்த மலைவாசிகளின் காப்பியைத் தீண்டியதேயில்லை. கடலூரோ அலை தொடும் ஊர். இங்கே நூறை எட்டிய பிறகே நீர் கொதிக்கும்.

கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் சிதம்பரமும் சமவெளிதானே! அங்கேயும் நீர் நூறில்தான் கொதிக்கிறது. அங்கே இனித்த காப்பி இங்கே ஏன் கரிக்க வேண்டும்?

விடை ஒரு நிக்காஹ் அழைப்பின் வடிவில் வந்தது. தாயாரை அழைத்துக்கொண்டு, வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம் சென்று, பூர்வீக இல்லத்தில் இரவு தங்கினோம். நான்கு மணிக்கு அடுப்படியில் விளக்கு எரிந்தது. தாயார் செம்பில் நீரைக் கொதிக்கவைத்து இறக்கினார்கள். உடனே ஊற்றவில்லை. அருகிலிருந்த முக்காலியில் அமர்ந்து, விரல்களை மடக்கி எண்ணியவாறு, ஸுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்று, அல்ஹம்துலில்லாஹ் முப்பத்து மூன்று, அல்லாஹு அக்பர் முப்பத்து நான்கு என்று நிதானமாக ஓதி முடித்தார்கள். பிறகே பித்தளைப் பில்டரில் நீர் இறங்கியது. டிகாஷன் சொட்டச் சொட்ட, அவர்கள் தஹஜ்ஜுத் தொழச் சென்றார்கள்.

“ஏம்மா அவ்வளவு நேரம் காத்திருக்கீங்க?”

“கொதி அடங்க வேணாமா? ஒங்க அத்தா அப்படித்தான் ஊத்துவாங்க. அந்த நேரத்தைச் சும்மா போக்கக் கூடாதுன்னு தஸ்பீஹ் ஓதுவாங்க. அவங்க மவுத்தானதுலேருந்து நான் ஓதுறேன்.”

தந்தையார் விடியற்காலையில் தாயாருக்குக் காப்பி இறக்கிக் கொடுத்தார்கள் என்பதே அன்றுதான் நமக்குத் தெரியும். நாம் உறங்கிக்கொண்டிருந்த காலம் அது.

கடலூர் திரும்பியதும் அதே அளவு நீரைச் செம்பில் கொதிக்கவைத்து இறக்கி, அதே நூறை அதே நிதானத்தில் ஓதி, வெப்பமானியை இட்டோம். நான்கு நிமிடம் ஆகியிருந்தது; 88 டிகிரி. பில்டரின் உலோகமும் தூளும் தம் பங்குச் சூட்டை வாங்கிக்கொண்ட பின் மேல்தட்டில் 83. நாம் வாரக்கணக்கில் தேடிய எண்கள் அவை. தூளை லேசாக அமுக்கி, குடைபோன்ற தட்டை வைத்து, மூடி, இருபது நிமிடம் தொடாமல் விட்டோம். டிகாஷன் கருமையாகவே இறங்கியது. காந்தல் வாடை இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். சூட்டைக் குறைத்ததால் இது வயிற்றுக்கு மருந்தாகிவிடாது. காப்பியின் வீரியம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மருத்துவர் சொன்ன ஒரு தம்ளர் ஒரு தம்ளராகவே நீடிக்கிறது.

மறுநாள் சுபுஹுக்கு முன் டபராவையும் தம்ளரையும் எடுக்கச் சென்றோம். தம்ளரில் அடிநுரை மட்டுமே ஒட்டியிருந்தது. தாயார் முஸல்லாவை விரித்தவாறே சொன்னார்கள்:

“டிகாஷன் சரியா இருக்கு தம்பி. பாலுதான் சிதம்பரத்துப் பாலு இல்ல.”