கேத வீட்டு மைக்

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிப் பக்கம் ஒப்பாரிக் குழுவின் எண் வேண்டுமென்றால் பாடைக்குத் தேர் கட்டுகிறவரிடம்தான் கேட்க வேண்டும். உயிர் போன வீட்டிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் வரும். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, வெடி, கொட்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருபவர் கடைசியில், “பாட்டு வைக்கிறீங்களா?” என்பார். எண்பது தொண்ணூறைத் தொட்டுப் போன பெரிய சாவு என்றால் பெரும்பாலும் வைப்பார்கள். அற்பாயுசில் போன பிள்ளையின் வீட்டில் அவர் இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. அங்கே அழவைக்க ஆள் எதற்கு?

அவரைப் பிடித்துத்தான் நான் ஒரு குழுவிடம் போய்ச் சேர்ந்தேன். பாடுகிற அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். பின்பாட்டுக்கு அவர் தங்கச்சி மகள். உருமிக்கு ஒருவர், தவிலுக்கு ஒருவர், கீபோர்டு வாசிக்க ஒரு பையன். லோடு ஆட்டோவில் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும். அக்காவின் அம்மா காலத்தில் இதெல்லாம் கிடையாது. நாலைந்து பெண்கள் வட்டமாக நின்று மாரில் அடித்துக்கொண்டு, அந்த அடியையே தாளமாக்கிப் பாடுவார்கள். மாரடிப் பாட்டு என்பது அதுதான். “சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எங்கம்மாவுக்கு நெஞ்செல்லாம் கன்னிப்போயிருக்கும். எண்ணெயைச் சுடவச்சுத் தேச்சு விடுவோம்” என்றார். ஸ்பீக்கர் வந்தபோது அக்கா சந்தோஷப்பட்டதை நாட்டுப்புறவியல் கருத்தரங்குகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

நான் கூடப் போன கேத வீட்டில் இறங்கியதும் அக்கா நேரே பிணத்தைப் பார்க்கப் போகவில்லை. டீ கொடுத்துக்கொண்டிருந்த பங்காளி ஒருவரை ஓரமாக அழைத்து, கையில் ஒரு நோட்டோடு விசாரிக்க ஆரம்பித்தார். செத்த அம்மா பேர் என்ன, பிறந்த ஊர் எது? புருசன் முன்னாடி போயிட்டாரா? ஆண் எத்தனை, பெண் எத்தனை? வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பிள்ளை உண்டா? பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா? இவையெல்லாம் நான் எதிர்பார்த்தவை. கடைசிக் கேள்வி எதிர்பாராதது: “யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்ல?” பகையாளிகள் இருவர் பேரும் ஒரே அடியில் வந்துவிடக் கூடாதாம். பங்காளி கொஞ்சம் தயங்கி, பெரிய மகனையும் மூன்றாமவனையும் சொன்னார்.

பாட்டுகள் உறவுமுறைக்கு ஒன்றாக அவரிடம் இருக்கின்றன. மகள் பாடுவது வேறு, மருமகள் பாடுவது வேறு, பேத்திக்கு வேறு. விசாரித்து வாங்கிய ஊரும் பேரும் அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மகள் பாட்டென்றால் அக்காவே அந்த மகளாகி, முன்பின் பார்த்திராத பெண்மணியை அம்மா என்று கூப்பிடுகிறார். அடி உச்சியில் எடுத்துக் கீழே இறங்கும். கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தி மூக்கை உறிஞ்சுவார். அந்த உறிஞ்சலும் தாளத்துக்குள்தான் விழுகிறது. அது முடியும்வரை பொறுத்திருந்து வளைந்த குச்சியால் உருமியைத் தேய்க்கிறார் பக்கத்திலிருப்பவர். தோல் முனகுகிறது. கீபோர்டு இல்லாமலிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். பையன் கோபித்துக்கொள்வான்.

பாடும்போது அவர் கண் முழுக்கக் கூட்டத்தின் மேல்தான். எந்த அடியில் ஒரு பெண் விம்முகிறாளோ, அந்த அடியை விட்டு நகரமாட்டார். ஊரை மாற்றி, நகையை மாற்றி, அதையே திரும்பப் பாடுவார். பந்தலில் கல்லாக உட்கார்ந்திருந்த நடு மகள் அப்படித்தான் உடைந்தாள். “நீங்க அழுறதில்லையா அக்கா?” என்று பிறகு கேட்டேன். “அழுதா தொண்டை அடைச்சுக்கிரும் தம்பி. அப்புறம் யாரு பாடுறது?”

இசபெல் கிளார்க்-டெசே என்ற மானிடவியலாளர் தமிழ்நாட்டு ஒப்பாரி பற்றி 2005இல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்பு, இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருளில் இருக்கும். கூடியிருந்து கட்டிப்பிடித்து அழும் பெண்கள் தங்கள் வழக்கைத்தான் அழுகிறார்கள். சீர் செய்யாத அண்ணன், வாசலில் நிற்கவைத்த நாத்தனார், தாலியறுத்த பின் பட்ட பாடு என்று மற்ற நாளில் வாய்விட்டுச் சொல்ல முடியாததெல்லாம் பிணத்தின் முன்னால் பாட்டாக வந்துவிடும். யாரும் தடுக்கமாட்டார்கள்.

கூலிக்குப் பாடுகிறவருக்கு இந்த உரிமை இல்லை. அவர் பாட்டில் எல்லா மகனும் நல்ல மகன், எந்த மருமகளும் கஞ்சி ஊற்றாமல் விட்டதில்லை. பேர் சொல்லப்பட்டவர் எழுந்து வந்து நோட்டை நீட்டுகிறார். பேசிய கூலிக்கு மேலே விழுகிற காசு அது. அழவைக்கிற திறமை முழுவதும் அக்காவிடம் இருக்கிறது. குற்றம் சொல்லத்தான் வழியில்லை. இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். “எங்கம்மா செத்தப்ப மைக் வைக்கல. என் அண்ணன்மாரைக் கேக்க எனக்கு நெறைய இருந்துச்சு.”

தன் வழக்காகப் பாட வேண்டியவை இந்த வீட்டிலும் அவருக்கு இருந்திருக்கும். குழுவினர் எல்லாரும் தலித்துகள். வீட்டுப் படி ஏறவில்லை. பந்தலின் ஓரத்தில் நின்றே பாடினார்கள். சாப்பாடு தெருவுக்கு எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடிக்குப் பேப்பர் தட்டில் வந்தது. இறந்தவளை அம்மா என்று மைக்கில் நூறு தடவை கூப்பிட்டவருக்குத் தண்ணீர், வாட்டர் பாக்கெட்டில்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007இல் தொடங்கிய நல வாரியம் இருக்கிறது. உருமிக்காரரிடம் அட்டை இருக்கிறது, அக்காவிடம் இல்லை. தான் கலைஞர் என்று எழுதிக்கொடுக்க அவருக்குக் கூச்சம். சென்னையில் இந்தக் கூச்சம் குறைவு என்று நினைக்கிறேன். மரண கானா விஜி என்று, பாடுகிற பாட்டையே பேருக்கு முன்னால் வைத்துக்கொண்ட பாடகர் அங்கே உண்டு. சாவு வீட்டுக் கானாவும் 2018இல் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவோடு மேடையேறியது. தங்கச்சி மகளுக்கும் மேடை ஆசைதான். கல்யாணக் கச்சேரிகளில் பாடுகிறாள், ஆனால் பக்கத்து மாவட்டத்தில், வேறு பெயரில். கேதத்தில் பாடியவள் என்று தெரிந்தால் முகூர்த்த வீட்டில் மைக் கொடுக்கமாட்டார்கள். உருமிக்காரர் கணக்கு வேறு: “கல்யாணக்காரங்களுக்குத் தை மாசம், நமக்கு மார்கழி. பனிக்கு எந்தக் கெழடு தாங்குது?”

நீர்மாலை எடுத்து வந்து, பாடை தூக்குகிற நேரம். பையன் வயர்களைச் சுற்றத் தொடங்கிவிட்டான். மைக் செட்டுக்கும் வண்டிக்கும் போக, மிச்சத்தை ஐந்து பங்காக அக்கா மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது, நடு மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் இன்னும் சிவந்திருந்தது. “எல்லா மருமகன் பேரும் வந்துச்சு, எங்க வீட்டுக்காரர் பேரு மட்டும் ஏன் வரல?” அக்கா நோட்டைப் புரட்டினார். பேர் இருந்தது; அவர்தான் விட்டுவிட்டார். பையன் முணுமுணுத்துக்கொண்டே பிளக்கைத் திரும்பச் செருக, சங்குச் சத்தத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே இரண்டாவது மருமகனுக்கென்று நாலு அடி பாடினார். அவர் கூட்டத்துக்குள்ளிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளோடு வந்தார்.