தாளத்துக்குள் ஓர் அழுகை

'டம்... டம்... டம்... டம்...'

ராத்திரி பத்து மணிக்கு என் பிள்ளையின் அறையிலிருந்து இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். "என்னடா இது, மாவு மில்லுல உக்காந்திருக்கிற மாதிரி! இதுல பாட்டு எங்கே இருக்கு?" என்று கதவைத் தட்டுவேன். பதில் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து அவன் பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. "வயசுப் பையன், அப்படித்தான் இருப்பான்" என்றார் என் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் மதியம் அவன் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என் சின்னப் பெண் வந்து, "அம்மா, அண்ணன் தினம் கேக்கிற பாட்டு இது. ஒரு தடவை முழுசாக் கேளு, அப்புறம் திட்டு" என்று என் காதில் மாட்டிவிட்டாள்.

முதலில் அந்த இடியே இல்லை. கிடார் மட்டும். அதன்மேல் ஓர் ஆணின் குரல், உருக்கமாக. போகும் இடம் தெரியாமல் தடுமாறும் ஓர் இளைஞனின் பாட்டு அது என்று பெண் அர்த்தம் சொன்னாள். பிறகு குரல் ஒதுங்கிக்கொள்ள, 'டம் டம்' வந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 124 அடி. மாடிப்படியை ஓடி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, கிட்டத்தட்ட அந்த வேகம்.

எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வந்தது. தாத்தா போனபோது மாரடித்து ஒப்பாரி வைத்தாள். குரல் அழுதது, கை தாளம் போட்டது. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த ராத்திரியைக் கடந்தாள். இத்தனை நாளாக வெறும் தாளத்தை மட்டும் சுவருக்கு இந்தப்புறம் கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். அழுகை சுவருக்கு அந்தப்புறம் இருந்திருக்கிறது.

பாட்டின் பெயர் 'வேக் மீ அப்'. 2013-ல் வந்தது. பாடியவர் அமெரிக்கரான அலோ பிளாக். இசையமைத்தவர் சுவீடன் நாட்டு அவீச்சி. சொந்தப் பெயர் டிம் பெர்க்லிங். 2011-ல் வந்த 'லெவல்ஸ்' என்ற இசையில், எட்டா ஜேம்ஸ் 1962-ல் பாடிய பாட்டிலிருந்து ஒரு துண்டுக் குரலை எடுத்துச் சேர்த்திருக்கிறார். அம்மாவின் பழைய பட்டுச் சரிகையை மகளின் புதுப் பாவாடையில் வைத்துத் தைப்போமே, அதுபோல.

"கெட்டிக்காரப் பையன்தான். இப்போ எங்கே இருக்கான்?" என்று கேட்டேன்.

"செத்துப் போயிட்டாரும்மா" என்றாள்.

2018 ஏப்ரலில், ஓமன் நாட்டு மஸ்கட்டில். வயது 28. ஓயாத பயணம், குடி, கணையத்தில் அழற்சி. 2014-ல் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்துவிட்டார்கள். 2016-ல் மேடை நிகழ்ச்சிகளை நிறுத்தியும் மனசுக்கு அமைதி கிடைக்கவில்லை. பெற்றோர் 2019-ல் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இளைஞர்களின் மனநலத்துக்காகவும் தற்கொலையைத் தடுக்கவும் அது பாடுபடுகிறது. உலகத்தையே ஆட வைத்த பிள்ளையைப் பெற்ற அந்தத் தாயை நினைத்தேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ராத்திரி பால் எடுத்துக்கொண்டு போனேன். "ஏண்டா, அந்தப் பாட்டை நானும் கேட்டேன். உனக்கும் வழி தெரியாமத்தான் இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "மூணு பேப்பர் போச்சும்மா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்று சொல்லிக் குழந்தை மாதிரி அழுதான். முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவன் அப்பாவிடம் நானே சொன்னேன். கொஞ்சம் கோபித்தார், மறுநாள் அவரே பையனை டியூஷனில் கொண்டு போய்ச் சேர்த்தார். இப்போது இரண்டு பேப்பர் எழுதிப் பாஸாகிவிட்டான். இன்னும் ஒன்று பாக்கி.

சகோதரிகளே, காதுக்குக் கெடுதல் என்று இப்போதும் ஒலியைப் பாதிக்குமேல் வைக்க நான் விடுவதில்லை. ஆனால், "சத்தத்தைக் குறை" என்று சொல்லப் போகும்போது, "சாப்பிட்டியா? மனசு எப்படி இருக்கு?" என்றும் கேட்டுவிட்டு வருகிறேன். சில நாள் ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, "இதைக் கேளும்மா" என்கிறான்.